கேட்ட சொட்டு மருந்தைத் தராத பாமசி

எங்கள் ஒழுங்கைக்குள் கண்நோயை முந்திக்கொண்டு அதைப் பற்றிய கதைகள்தான் வந்தன. நோய்க்காரரின் கண்ணைப் பார்த்தாலே தொற்றிவிடுமாம். டியூசனில் இருந்து கண் சிவந்து வந்த மகனோடு இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினேன். முகம் துடைத்தது மட்டும் இருவரும் ஒரே துவாயில். மூன்றாம் நாள் காலையில் என் இடக்கண்ணும் பீளை கட்டித் திறக்க முடியாமல் ஒட்டிக் கிடந்தது.

மச்சாளுக்கு இரண்டே நாளில் சிவப்பைக் குறைத்த சொட்டு மருந்தின் வெறும் போத்தலோடு திருகோணமலை உவர்மலைப் பக்கம் இருக்கும் இந்தப் பாமசிக்குப் போனேன். மருந்தாளர் ஐயா லேபலை வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"தங்கச்சி, இதில ஸ்டீரொயிட் இருக்கு. டொக்டரின்ர துண்டு இல்லாமல் தரமாட்டன்."

எனக்குக் கோபம்தான். அவர் விடவில்லை. இப்படிப் பரவுவது பெரும்பாலும் அடினோவைரஸ், அன்டிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது, ஒன்று இரண்டு கிழமையில் தானாகவே மாறும். ஸ்டீரொயிட் சிவப்பைக் குறைக்கும், வைரஸைக் கொல்லாது. அதுவே வாயோரத்தில் கொப்புளம் போடுகிற ஹேர்பிஸ் வைரஸாக இருந்தால் கருவிழியே பழுதாகலாம் என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விடச் சொன்னதைக் கேட்டேன். "அது பிள்ளைக்குக் குடிக்க" என்றார். கறுப்புக் கண்ணாடி? வெளிச்சம் கூசாது, கை கண்ணுக்குப் போகாது, அவ்வளவுதான். பார்ப்பதால் தொற்றாதாம். அப்புறம் கேட்டார்: "வீட்டில எத்தனை துவாய்?"

பின்னால் நின்ற கிண்ணியா ஆட்கள் வரைக்கும் கேட்கும் குரலில்! இதற்கு ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

கடைசியில் விற்றது பஞ்சும் கண் வறட்சிக்கான சொட்டு மருந்தும் மட்டும். கொதித்தாறின தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்குப் பக்கமிருந்து வெளியே துடைக்க வேண்டும், ஒரு துடைப்புக்கு ஒரு பஞ்சு. கடும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கண் கிளினிக் என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். நல்ல வடிவான எழுத்து.

மகனுக்கு ஒன்பது நாளில் சுகம், எனக்குப் பதினொரு நாள்.

இன்னொரு குறை. கடையில் இல்லாத மருந்துக்கு எங்கள் போன் நம்பர் எழுதும் கொப்பியோடு ஒரு பேனையைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். கண்ணைக் கசக்கிய கையோடு எல்லாரும் அதைத்தான் பிடித்தோம். அடினோவைரஸ் காய்ந்த பொருளிலும் நாட்கணக்கில் உயிரோடு இருக்குமென்று அவரே சொன்னவர், அதனால் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். போன கிழமை போனபோது கயிறு மட்டும் தொங்கியது.