டமியா பேனல் லைன் ஆக்சென்ட் கலர்: வேலூர் வெயிலுக்கு ஒத்துவருமா?

ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் 40 மில்லி கண்ணாடிக் குப்பி. மூடியிலேயே மெல்லிய தூரிகை. உள்ளே இருப்பது நன்றாக நீர்க்கக் கலக்கப்பட்ட எனாமல் பெயின்ட். மாடல் விமானத்தின் தகட்டுக் கோட்டில், அதாவது பேனல் லைனில், தூரிகை நுனியைத் தொட்டாலே போதும். நுண்புழை ஏற்றத்தால் திரவம் பள்ளத்துக்குள் தானே ஓடும். பள்ளத்துக்கு வெளியே வழிந்ததைக் காய்ந்தபின் துடைக்க வேண்டும். பொருளின் வேலை அவ்வளவுதான், அதைச் சரியாகவே செய்கிறது. வாங்கலாம். ஆனால் எந்த நிறக் குப்பியை வாங்குகிறோம், அடியில் என்ன பூச்சு இருக்கிறது என்ற இரண்டிலும் தவறினால், இரண்டு வார ஏர்பிரஷ் உழைப்பு ஒரே மாலையில் வீணாகும்.

முதலில் நிறம். பெரும்பாலானோர் கறுப்பைத்தான் வாங்குகிறார்கள். அதுதான் முதல் பிழை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கான மாடலில், 0.2 மி.மீ. அகலக் கோடு, நிஜ விமானத்தில் 14.4 மி.மீ. இடைவெளிக்குச் சமம். 1/144 அளவில் அதுவே 28.8 மி.மீ. எந்தப் போர்விமானத்தின் தகடுகளும் விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பொருத்தப்படுவதில்லை. கோடு ஏற்கெனவே அளவுக்கு மீறி அகலமாக இருப்பதால், நிறத்தையாவது தணிக்க வேண்டும். சாம்பல் உடலுக்கு கிரே, பச்சை, பழுப்பு கேமஃப்ளாஜுக்கு டார்க் பிரவுன், வெள்ளை உடலுக்கும் கிரேயே. கறுப்புக்கு இடம் இரண்டுதான். ஒன்று, ஏலரான், ரடர், ஃபிளாப் போன்ற அசையும் பகுதிகளின் இணைப்பு. அங்கே உண்மையிலேயே ஆழமான இடைவெளி உண்டு. இன்னொன்று, வெற்று உலோக நிறம். 1971 போர்க்கால மிக்-21 எஃப்.எல்.லை வெள்ளி நிறத்தில் செய்பவர்களுக்குக் கறுப்பு பொருந்தும்.

நம் பக்கத்து உதாரணம் அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் 1992 முதல் 2017 மார்ச் வரை இருந்த டியூ-142 கண்காணிப்பு விமானம், சாம்பல் நிற உடல் கொண்ட நான்கு எஞ்சின் ராட்சதன். 1/72 அளவில் செய்தால் இறக்கை மட்டுமே 70 செ.மீ. வரும், எந்த வீட்டு அலமாரியும் கொள்ளாது. அதனால் 1/144தான் வழி. இறக்கை ஏறக்குறைய 35 செ.மீ. இந்த அளவில் கறுப்பு ஊற்றினால் விமானம் போய்ச் சதுரங்கப் பலகை வந்துவிடும். கிரேயையே இன்னும் நீர்க்கச் செய்து, ஒரு பங்குக்கு ஒரு பங்கு எனாமல் தின்னர் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இந்த விமானத்தில் கண்ணை இழுக்க வேண்டியது கோடுகள் அல்ல, எஞ்சின் புகைக் கறை. அதற்கு இந்தக் குப்பி உதவாது. கடைசியில் மேட் க்ளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு, அடித்த பிறகு, கறுப்பு, பழுப்பு சாக் பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, மென்மையான தூரிகையால் புகைக்குழாய்க்குப் பின்னால் தீற்றுங்கள்.

இனி அடிப்பூச்சு. பாலிஷ் இல்லாத மேட் பரப்பில் இந்தத் திரவத்தை வைத்தால், பள்ளத்தில் ஓடாமல் சுற்றிலும் பரவி ஊறும்; பிறகு எவ்வளவு துடைத்தாலும் அழுக்குத் திட்டு போகாது. ஆகவே நிறம் முடிந்து, டெக்கல் (சின்னம், எண் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டியதும், பளபளப்பான க்ளியர் அடித்தே ஆக வேண்டும். டமியாவின் ஆக்ரிலிக் க்ளியரான எக்ஸ்-22 போதும். அதை மாடல் பெயின்டுக்கான லாக்கர் தின்னரில் கலந்து மெல்லிய பூச்சாக 2 அல்லது 3 முறை அடித்தால் கண்ணாடிபோல் படியும். டெக்கல் மேல் முதல் பூச்சு தூவலாக மட்டும் இருக்கட்டும். ஈரமாக அடித்தால் டெக்கல் சுருங்கும். அதன்பின் 24 மணி நேரம் தொடக்கூடாது. அடியில் உள்ளது ஆக்ரிலிக்கோ லாக்கரோ என்றால், நன்கு காய்ந்தபின் எனாமல் அதைக் கரைக்காது. உடலே எனாமலில் அடித்த மாடல் என்றால், மேலே ஆக்ரிலிக் க்ளியர் முழுதாக மூடியிருக்காத இடமெல்லாம் பெயின்ட் கழன்று வரும்.

துடைப்பதில்தான் அதிகம் பேர் இடறுகிறார்கள். தேவையானது எக்ஸ்-20, எனாமல் தின்னர். பெயரில் ஓர் எழுத்து கூடினால் எக்ஸ்-20ஏ, ஆக்ரிலிக் தின்னர். அது அடிப்பூச்சையே பெயர்த்துவிடும். இரண்டு குப்பியிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டி வையுங்கள். பஞ்சுக் குச்சியை (காட்டன் பட்) தின்னரில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் துடைக்க வேண்டும். சொட்டச் சொட்டத் துடைத்தால் பள்ளத்துக்குள் இருப்பதும் வெளியே வந்துவிடும். திசையும் முக்கியம். வேலூர்க் கோட்டை மதிலில் மழைநீர்க் கறை மேலிருந்து கீழே வழிந்திருக்கும். விமான இறக்கையில் கறையைக் காற்று முன்னிருந்து பின்னே இழுக்கும். பஞ்சுக் குச்சியும் அதே போக்கில் போனால், மிஞ்சும் மெல்லிய தீற்றல்கூட உண்மையான அழுக்காகத் தெரியும். குறுக்கே துடைத்தால் அது துடைத்த தடமாகவே நிற்கும்.

இந்தப் பொருளின் பெரிய ஆபத்து பிளாஸ்டிக்கில் விழும் விரிசல். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் எங்கே இறுக்கத்தில் இருக்கிறதோ, அங்கே எனாமல் கரைப்பான் ஊறினால் பிளாஸ்டிக் நொறுங்கிப் பிளக்கும். வலுக்கட்டாயமாக அழுத்தி ஒட்டிய இறக்கை அடி, எடையைத் தாங்கும் சக்கரக் கால்கள், சக்கரக் குழியின் மெல்லிய விளிம்புகள் ஆகியவையே வழக்கமான பலிகள். வெளியே க்ளியர் இருந்தாலும், இணைப்பு இடுக்கு வழியாக உள்ளே போகும் திரவம் பெயின்ட் படாத பிளாஸ்டிக்கைத் தொடும். அங்கே காற்றும் இல்லாததால் சீக்கிரம் ஆவியாகாது. இடுக்குகளை முதலிலேயே புட்டி என்ற நிரப்புப் பசை வைத்து அடையுங்கள். ஒரே இடத்தில் குளம் கட்ட விடாதீர்கள். சக்கரக் கால்களுக்கு இதைத் தொடவே வேண்டாம். தண்ணீரில் கரையும் ஆக்ரிலிக் வாஷ் (நீர்க்கக் கலந்த பெயின்ட்) போதும்.

வெயில் விஷயம். கத்திரி வெயிலில் மாடி அறையில் வேலை செய்தால், கரைப்பான் பறக்கும் வேகத்தில் திரவம் கோட்டின் பாதியிலேயே நின்றுவிடும். காலை 8 மணிக்கு முன்போ இரவிலோ செய்யுங்கள். மின்விசிறி நேராக மாடல் மேல் வீச வேண்டாம், ஆனால் ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு இறக்கை மட்டும். நம் வெயிலில் 20 நிமிடத்தில் துடைக்கும் பதம் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை இந்தக் குப்பியில் இல்லை, அதற்கு முன் அடிக்கும், லாக்கர் தின்னர் கலந்த க்ளியரில். காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுக்கும். அடைமழை நாளில் க்ளியர் அடிக்காமல் இருப்பதே நல்லது. அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னர் வேண்டும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு மாற்று உண்டு. ஓவியர்களின் ஆயில் கலர் ட்யூபிலிருந்து பர்ன்ட் அம்பர், கறுப்பு இரண்டையும் கடலைப்பருப்பு அளவு எடுத்து, அட்டைத் துண்டில் அரை மணி நேரம் வையுங்கள். எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பத்துப் பங்கு எனாமல் தின்னரில் கலக்குங்கள். நிறத்தை விரும்பியபடி மாற்றலாம் என்பது பெரிய லாபம், காய ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பது குறை. ஹார்டுவேர் கடையில் 'தின்னர்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைத்தான் கொடுப்பார்கள். அது பெயின்டை மட்டுமல்ல, பிளாஸ்டிக்கையே உருக்கும். மாடல் பக்கமே கொண்டுவராதீர்கள்.

குப்பியிலும் சில குறைகள். நிறமி அடியில் படியும்; குலுக்கினால் போதாது, பல்குச்சியால் கிளற வேண்டும். தூரிகை 1/72க்குச் சரி, 1/144க்குத் தடிமன். நுனியைக் குப்பி விளிம்பில் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தனியாக 000 எண் கொண்ட மிக மெல்லிய தூரிகை. டமியா சிமென்ட் பசையும் இதே மாதிரிக் குப்பியில், மூடியில் தூரிகையோடுதான் வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் கை தவறுவது எளிது. திறந்த குப்பி சாய்ந்தால் மாடலோடு மேஜையும் போகும், ஆகவே தெர்மாகோல் துண்டில் குழி வெட்டி அதில் நிறுத்துங்கள். எரியக்கூடிய பொருள், அடுப்பு, பூஜை விளக்கு இருக்கும் அறையில் திறக்க வேண்டாம்.

1/72 போர்விமானம் ஒன்றுக்குச் சில துளிகளே செலவாகும் என்பதால் ஒரு குப்பி பல ஆண்டு வரும். முதலில் கிரே, அடுத்து டார்க் பிரவுன். கோடையில் கெட்டியானால் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்-20 சில துளி விட்டுக் கிளறினால் பழைய பதத்துக்குத் திரும்பும்.