ரீ-என்ட்ரி பெர்மிட்: உருப்படியானது, ஆனால் மெதுவானது

ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கப்போகும் கிரீன் கார்டுக்காரர்களுக்கு அமெரிக்கக் குடியேற்றத் துறை தரும் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி நுழைவதற்கான அனுமதிப் பத்திரம்) உருப்படியானதுதான். வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கான விண்ணப்பமான ஐ-131 படிவத்தை அமெரிக்காவில் இருக்கும்போதே போட வேண்டும். சென்னைக்கு வந்தபின் போட்டால் செல்லாது. பலர் கோட்டைவிடுவது கைரேகையில். ரசீது வந்த கையோடு விமானம் ஏறிவிடுகிறார்கள். கைரேகைக்கான அழைப்புக் கடிதம் பூட்டிய வீட்டின் தபால்பெட்டியில் கிடக்கும், மனு தள்ளுபடியாகிவிடும். கைரேகை கொடுத்துவிட்டால் தாராளமாகக் கிளம்பலாம். பெர்மிட்டைத் தூதரகத்தில் வாங்கிக்கொள்வதாகப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள்.

பெர்மிட் 2 வருடம் செல்லும், நீட்டிப்பு கிடையாது. கடந்த 5 வருடத்தில் 4 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குப் பொதுவாக 1 வருடம்தான். குடியுரிமை கேட்கத் தேவையான, அமெரிக்காவில் தொடர்ந்து வசித்த கணக்கை இது காப்பாற்றாது. வருமானவரியை ‘நான்-ரெசிடென்ட்’ (அமெரிக்காவில் வசிக்காதவர்) என்று தாக்கல் செய்தவர்களுக்கு, பெர்மிட் கையில் இருந்தாலும் விமான நிலையத்தில் கேள்வி வரலாம்.