கோவையில் ஒருநாள் பயிலரங்கு: மதியத்துக்காகவே போகலாம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையை எப்படிக் கற்பிப்பது என்ற பயிலரங்குக்குக் கோபியிலிருந்து விடிகாலை பஸ் ஏறிப் போனேன். காலை முழுக்க ஐ.நா. 2005இல் போட்ட தீர்மானம், ஜனவரி 27 நினைவு நாள்; தூக்கம் வந்தது. மதியம்தான் விஷயம். கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்ற எண்ணை ஒதுக்கிவிட்டு, போருக்கு முந்தைய ஒரு யூதக் குடும்பப் படத்தைக் கையில் கொடுத்தார்கள். பிணக்குவியல் படம் காட்டாதீர்கள், பிள்ளைகளுக்குக் கைதி வேடம் போடாதீர்கள் என்றார்கள். நான் இரண்டையும் செய்தவன், காது சுட்டது.

கையேடு முழுக்க ஆங்கிலம், பெரிய குறை. சாப்பாடு சுமார், அரிசிம்பருப்பு மட்டும் பரவாயில்லை.

திங்கட்கிழமை அந்தப் படத்தைப் பத்தாம் வகுப்பில் காட்டினேன். "ஏனுங் சார், பக்கத்து வீட்டுக்காரங்க சும்மாவா இருந்தாங்க?" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். மணி அடித்தும் யாரும் எழவில்லை.