தி டிவைன் லேடி: ஊமைப்படத்துக்குக் காது முளைத்த காலத்துக் காதல் கதை

1927க்கும் 1930க்கும் இடையில் ஹாலிவுட்டிலிருந்து இரண்டுங்கெட்டான் படங்கள் நிறைய வந்தன. நடிகர்கள் வாய் திறந்து பேசமாட்டார்கள். வசனம் எழுத்து அட்டையில் வரும். ஆனால் வாத்திய இசை, பீரங்கிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் படத்தோடு சேர்ந்தே ஒலிக்கும். ஃபிராங்க் லாயிட் இயக்கி 1929இல் வெளிவந்த ‘தி டிவைன் லேடி’ அந்த வகையில் முன்வரிசைப் படம். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில், தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ சனிக்கிழமை இரவு பழைய படம் போட நினைப்பவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். ஒரே நிபந்தனை, ஒலியை ஒழுங்காக அமைக்க வேண்டும். இந்தப் படத்தின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது.

கதை சரித்திரம்தான். சமையல்காரியின் மகள் எம்மா ஹார்ட். தாய் வேலைக்குச் சேர்ந்த வீட்டின் எசமான் சார்ல்ஸ் கிரெவில் அவளோடு பழகுகிறான். பிறகு தன் பேருக்குக் கெடுதல் என்று பயந்து, இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆங்கிலேயத் தூதராக இருக்கும் தாய்மாமன் சர் வில்லியம் ஹாமில்டனிடம் அனுப்பிவிடுகிறான். வயதில் மிகவும் மூத்த ஹாமில்டன் அவளை முறைப்படி மணந்து சீமாட்டி ஆக்குகிறார். அங்கேதான் கடற்படைத் தளபதி நெல்சன் வருகிறான். அவனுக்கும் ஊரில் மனைவி உண்டு.

கோரின் கிரிஃபித் எம்மாவாக வருகிறார். முகத்தை வைத்தே நடிக்கத் தெரிந்தவர். கிரெவில் தன்னைத் தள்ளிவிட்டான் என்று புரிகிற கட்டத்தில் அட்டையே தேவைப்படவில்லை. நெல்சனாக விக்டர் வர்கோனி முதல் பாதியில் விறைப்பாகத்தான் இருக்கிறார். கையையும் கண்ணையும் போரில் இழந்து திரும்பிய பிறகு அந்த விறைப்பே பாத்திரத்துக்குப் பொருந்திவிடுகிறது. எல்லோரையும் விட எச்.பி. வார்னரின் ஹாமில்டன்தான் மனதில் நிற்கிறார். மனைவியின் மனம் எங்கே போகிறது என்று தெரிந்தும் மரியாதையை விடாத கிழவர். ஒரு தலை அசைவுக்கு மேல் எதுவும் செய்யாமல் அதைக் காட்டுகிறார். தாயாக வரும் மரி டிரெஸ்லர் தொடக்கத்தில் நன்றாகச் சிரிக்க வைக்கிறார். மூன்று ஆண்டுக்குள் பேசும்படத்தில் அவர் ஆஸ்கார் வாங்கும் அளவுக்கு உயர்ந்தார். கோரின் கிரிஃபித்துக்கு அந்த யோகம் இல்லை. 1930இல் வந்த அவருடைய பேசும்படங்கள் எடுபடவில்லை.

ஒளிப்பதிவு ஜான் சீட்ஸ். கப்பல் காட்சிகளை இன்றைக்கும் பெரிய திரையில் போட்டுப் பார்க்கலாம்: பாய்மரத்துப் புகை, தண்ணீரில் விழும் மரத்துண்டுகள், மேல்தட்டில் ஓடும் மாலுமிகள். 1798 ஆகஸ்ட் முதல் தேதி நடந்த நைல் போரும், 1805 அக்டோபர் 21இல் நெல்சன் உயிர்விட்ட டிரஃபால்கர் போரும் படத்தின் இரண்டு தூண்கள். இரண்டாவது ஆஸ்கார் விழாவில் ஃபிராங்க் லாயிடுக்குச் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது. சிறந்த படத்துக்கான பரிந்துரையில் இந்தப் படத்தின் பெயரே கிடையாது; அந்தப் பரிசு ஒரு பேசும்படத்துக்குப் போனது. ஊரே பேசும்படத்தின் பக்கம் சாய்ந்துவிட்ட நேரம் அது.

வரலாற்றில் படம் சில இடங்களை மறைக்கிறது. 1799இல் நேப்பிள்ஸ் புரட்சியை அடக்கியபோது கரச்சொலோ என்ற தளபதி நெல்சனின் உத்தரவில் தூக்கிலிடப்பட்டான். காதலனுக்குக் களங்கம் வரக்கூடாது என்றுதான் அந்தப் பக்கமே போகவில்லை போலும். எம்மா கடனில் மூழ்கி 1815இல் பிரான்ஸின் கலே ஊரில் இறந்த கதையும் இதில் இல்லை. காதல் படம் என்று எடுத்துக்கொண்டால் குறையில்லை. சரித்திரப் பாடமாக மாணவர்களுக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

இனி ஒலி. படம் வைட்டாஃபோன் முறையில் வந்தது. ஒலி பிலிமில் இருக்காது. 16 அங்குல இசைத்தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தனியாக ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று நொடிக்கு 24 படச்சட்டம் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். தட்டின் ஒரு பக்கமும் அதே அளவு. ஊசியை நடுவில், அம்புக்குறி போட்ட இடத்தில் வைக்க வேண்டும். அது உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடும். ஒவ்வொரு முறைக்கும் புது எஃகு ஊசி. ஒரு தட்டு சுமார் இருபது முறைதான் தாங்கும். ஓட்டியவர் அதன் லேபிளில் உள்ள கட்டங்களில் குறித்துக்கொண்டே வருவார். பிலிம் அறுந்தால் வெட்டி ஒட்டினால் மட்டும் போதாது. வெட்டிய அளவுக்குக் கறுப்புப் பிலிம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்தச் சுருள் முடியும் வரை இசை பிந்திக்கொண்டே இருக்கும். எம்மா ஹார்ப் என்ற பெரிய நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடும் காட்சியை இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பாட்டும் ஹார்ப் இசையும் கோரின் கிரிஃபித்துடையவை அல்ல. விரலசைவை அவர் பழகி நடித்தார், சத்தம் வேறொருவருடையது.

டிவிடியில் கிடைப்பது அந்தத் தட்டுகளின் இசையோடு சேர்த்த பிரதி. வார்னர் ஆர்க்கைவ் வரிசையில், ஆர்டர் வந்த பிறகு எரித்து (கணினியில் பதிவு செய்து) கொடுக்கும் வட்டு. அதனால் சில பழைய பிளேயர்கள் படிக்கத் திணறும். திரையிடும் நாளுக்கு முன்பே, அன்று பயன்படுத்தப்போகும் அதே பிளேயரில் முழுப் படத்தையும் ஓட்டிப் பார்ப்பது அவசியம். வட்டை வெயிலில் நிற்கும் காரில் விடக்கூடாது. எரித்த வட்டின் சாயப் படலம் சூட்டில் கெடும். வட்டு என்.டி.எஸ்.சி என்ற அமெரிக்க வீடியோ முறையில் இருக்கும். இதை யாராவது ‘பால்’ (PAL) என்ற வேறொரு வீடியோ முறைக்கு மாற்றிக் கொடுத்தால் வாங்க வேண்டாம்: நொடிக்கு 25 சட்டம் ஆகிவிடும், படம் 4 விழுக்காடு வேகமாக ஓடக்கூடும், வயலின்கள் சுருதி ஏறிக் கீச்சிடும்.

புரொஜெக்டரில் விகிதத்தை 4:3 என்று வைக்க வேண்டும். தானியங்கி அமைப்பில் விட்டால் படம் அகலமாக இழுபட்டு, எல்லோருக்கும் முகம் உப்பிவிடும். எட்டடி அகலமும் நாலரை அடி உயரமும் உள்ள திரையில் இந்தப் படம் ஆறடி அகலத்துக்குத்தான் விழும்; இரு பக்கமும் கறுப்பாக நிற்பது சரியானதே. அதைவிடப் பெரிதாக்கினால் டிவிடியின் 480 வரிகள் தாங்காது, முகங்கள் கலங்கும்.

ஒலிபெருக்கியில் செய்யும் தவறுகள்தான் அதிகம். நம் மண்டபங்களில் கரோக்கேக்காக எக்கோ குமிழ் எப்போதும் ஏற்றியே கிடக்கும்; அதை முழுவதும் இறக்க வேண்டும். ஒலி ஒற்றை வழி என்பதால் சரவுண்ட் வேண்டாம். இரண்டு பெட்டிகளையும் திரைக்கு அருகிலேயே வைத்தால் போதும். பழைய தட்டில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சலைத் தவிர அதிகம் இருக்காது, ஆகவே டிரெபிளை (உயர் ஒலியை) குறைக்கலாம். பாஸை (தாழ் ஒலியை) ஏற்றக்கூடாது, பீரங்கி முழங்கும்போது பெட்டி உதறும். புளூடூத் பெட்டி கூடவே கூடாது. சத்தம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பிந்தும். ஹார்ப் காட்சியில் விரல் ஒரு பக்கம், நாதம் ஒரு பக்கம் போகும். கம்பிதான் நல்லது. தகரக் கூரை மண்டபமென்றால் மழை வந்தால் எதுவும் கேட்காது. நிறுத்திவைத்துத் தொடர்வது மேல்.

அட்டைகள் ஆங்கிலத்தில்தான். பெரியவர்களுக்காகத் தமிழில் வாசிக்க ஒருவர் வேண்டும். ஊமைப்பட நாளில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் அப்படித்தான் வாசித்தார்கள். இது கூத்து மாதிரி விரித்துச் சொல்லும் வேலையல்ல. அட்டைக்கு ஏழெட்டுச் சொல்லுக்குள் முன்கூட்டியே எழுதி வைத்து, திரையின் பக்கத்தில் உட்கார்ந்து, மைக் இல்லாமல் வாசித்தால் இசை கெடாது. சில அட்டைகளை வாசிக்காமலே விடலாம். காதலர் இருவரும் தனித்திருக்கும் கட்டங்களில் வாசிப்பவர் வாயை மூடிக்கொண்டிருப்பதே படத்துக்குச் செய்யும் உபகாரம்.

திறந்த வெளியென்றால் ஏழே முக்காலுக்கு முன் திரையில் எதுவும் தெரியாது. அருகில் சூராவ் (சிறு தொழுகை இல்லம்) இருந்தால் இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் சத்தத்தை இறக்கத் தயாராக இருக்க வேண்டும். இடைவேளையை நைல் வெற்றிக்குப் பின் விடுவது பொருத்தம். புந்தோங் கச்சாங் பூத்தேயை (கடலை நொறுக்குத் தீனியை) பொட்டலம் போட்டு இடைவேளையிலேயே விற்றுவிடுங்கள். ஹாமில்டனின் மௌனக் காட்சிகளில் காகிதம் சரசரத்தால் பொறுக்க முடியாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கப்பல் வரும்வரை நெளிவார்கள்.

அனுமதி விஷயம்: 1929 படம் என்பதால் அமெரிக்காவில் 2025 ஜனவரி முதல் பதிப்புரிமை இல்லை; மலேசியாவில் திரைப்படத்துக்கு வெளியானதிலிருந்து 50 ஆண்டுதான். ஆனாலும் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் பொதுத் திரையிடலுக்குப் பொருந்தும். தணிக்கை வாரிய ஒப்புதல் கிடைத்த பிறகே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுங்கள்.