50 வாட்ஸ் போகஸ் லைட்டைக் கழற்றி மூன்று வருஷம்

எங்கள் வீடு ஆலங்காயம் பக்கம். திருட்டுப் பயத்தில் வாசலுக்கு மேலே 50 வாட்ஸ் எல்இடி போகஸ் லைட் மாட்டியிருந்தேன், 6500 கெல்வின், பளீர் வெள்ளை. எதிர்வீட்டு அக்கா ஒருநாள், "உங்க லைட்டு ஜன்னல் வழியா பிள்ளை மூஞ்சிலயே அடிக்குது தம்பி" என்றார். அன்றுதான் தெருவில் நின்று என் வீட்டைப் பார்த்தேன். கண் கூசியது. காம்பவுண்டு சுவரோரம் ஆள் நின்றால்கூடத் தெரியாது, அங்கே அவ்வளவு கும்மிருட்டு!

அதை எடுத்துவிட்டு 9 வாட்ஸ் வார்ம் ஒயிட் பல்பு மாட்டினேன், 3000 கெல்வின், லேசான மஞ்சள். வெள்ளை லைட்டில் நீலம் அதிகம். நீலம்தான் காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது. வெளிச்சம் கீழே மட்டும் விழ, 4 இன்ச் பிவிசி குழாயை அறுத்து மூடி செய்தேன். இரண்டாவது கோடையிலேயே வெயிலில் வெடித்துவிட்டது. இப்போது அலுமினிய ஷேட். முதலிலேயே இதை வாங்கியிருக்கலாம்.

இப்போது வாசல் படியும் தெரிகிறது, சுவரோரமும் தெரிகிறது. மழை விட்ட மறுநாள் காலை ஈசல் இறக்கையை முறம் முறமாக அள்ளுவோம். இப்போது ஒரு கைப்பிடிதான். பழைய லைட் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் கணக்கு. இதற்கு 7 யூனிட்கூட வராது.

ஆள் நடமாடினால் மட்டும் எரியட்டும் என்று ஒரு சென்சாரும் வைத்தேன். அதுதான் தலைவலி. பல்லி மேலே ஊர்ந்தால் எரிகிறது. மே மாதத்தில் நேர்மாறு: உடம்புச் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடுவதால் ஆள் கிட்டே வந்தபிறகுதான் விழிக்கிறது. அம்மா, "வீடு இழவு வீடு மாதிரி இருக்கு" என்று ஆறு மாதம் புலம்பினார். அவருக்காக இரவு பத்து வரை சென்சார் இல்லாமல் எரியவிடுகிறேன்.

சரி, வானம்? மேலே காவலூர் வானாய்வகத்தில் 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. என் ஒரு பல்பால் அதற்கு என்ன லாபம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கு லாபம் உண்டு. மொட்டை மாடியிலிருந்து கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் முன்பு பஞ்சுத் திட்டு மாதிரி இருக்கும். இப்போது ஆறையும் எண்ணிவிடுகிறேன், தெருவிளக்கை மறைத்தால். அதற்கு ஷேட் கேட்டு மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. அதுவரை துணி காயப்போடும் கொடியில் ஒரு வேட்டியைக் குறுக்கே கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.