டீச்சரம்மாவின் மூன்று வருஷம்: ஒரு ஸ்கூல் போர்டு விமர்சனம்

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கீழே பஸ் கதையில் வரும். மீதி நாலை ஏன் கொடுத்தேன் என்பதும் பெரும்பாலும் அதே பஸ் கதையில்தான் இருக்கிறது.

விமர்சனம் யாருக்கு என்று சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் ஸ்கூல் போர்டில் மூன்று வருஷமாக இருக்கும் ஒரு ரிடையர்ட் கணக்கு டீச்சருக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். பெயர் வேண்டாம், டீச்சரம்மா என்றே வைத்துக்கொள்வோம். வருகிற நவம்பரில் மறுபடி நிற்கிறார். தோசை முறுகலாக வரவில்லை என்பதற்கே நாலு பத்தி எழுதுகிற ஆள் நான். என் சொத்து வரியில் ஏறக்குறைய பாதி போகிற இடத்தைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இந்த மாநிலத்தில் ஒரு வீட்டின் சராசரி சொத்து வரி 2024-ல் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அப்படியென்றால் அந்தப் பாதி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஸ்கூல் போர்டு என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் மாதிரி, ஆண்டு விழாவுக்கு மேடை போடுவார்கள் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. எங்கள் போர்டில் ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் மூன்று வருஷம், வருஷத்துக்கு மூன்று இடத்துக்குத் தேர்தல். சம்பளம் ஒரு காசு கிடையாது. ஓட்டுச்சீட்டில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது. பட்ஜெட்டை நிறைவேற்றுவது, விதிமுறைகளை வகுப்பது, சூப்பரின்டென்டென்டை வேலைக்கு வைப்பது, சரியில்லை என்றால் அனுப்புவது, இதெல்லாம் இவர்கள் கையில். பள்ளிக்கூடத்தை நடத்துவது மட்டும் இவர்கள் வேலை இல்லை, அது சூப்பரின்டென்டென்டின் வேலை.

இது தெரியாமல்தான் முதல் வருஷம் டீச்சரம்மாவுக்கு ஒரு நீளமான மெயில் எழுதினேன். பையனை எந்தக் கணக்கு வகுப்பில் போட்டார்கள் என்பதில் எனக்கு மனத்தாங்கல். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, மார்க் விவரமெல்லாம் இணைத்து அனுப்பினேன். பதிலுக்கு வந்தது இரண்டே வரி: முதலில் ஆசிரியரிடம் பேசுங்கள், அப்புறம் பிரின்சிபல், அதற்கு மேல் சூப்பரின்டென்டென்ட். கணக்கு டீச்சராயிற்றே, பிள்ளையின் மார்க்கைப் பார்த்தாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கொதித்தேன். போர்டு உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் தலையிடக் கூடாது என்று மாநிலத்தின் நன்னடத்தை விதியே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. விதிப்படி சரிதான். ஆனாலும் "மெயில் கிடைத்தது, படித்தேன்" என்று ஒரு வரி கூடப் போட்டால் விதி ஒன்றும் உடைந்துவிடாது.

அவரைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறியது ஒரு கூட்டத்தில். இந்தக் கூட்டங்களில் பாதித் தீர்மானங்களை மொத்தமாகக் கட்டி ஒரே ஓட்டில் தள்ளிவிடுவார்கள். ஒப்பந்தங்கள், பில்கள், பஸ் ரூட்டுகள் என்று இருபது முப்பது இருக்கும். எட்டு பேர் சரி, சரி என்று தலையாட்ட, டீச்சரம்மா மட்டும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையிலிருந்த தாள்கட்டில் மஞ்சள் துண்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்தார். வாசிப்புப் பயிற்சிக்கான ஒரு மென்பொருளின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தீர்மானம் அது. "போன வருஷம் இதில் எத்தனை பிள்ளைகள் லாகின் செய்தார்கள்?" என்று கேட்டார், அவ்வளவுதான். யாரிடமும் பதில் இல்லை. விலை தெரியும், நிறுவனம் தெரியும், எத்தனை பேர் தொட்டார்கள் என்பது தெரியாது. விடைத்தாளில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டு நிற்கும் பையனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. எண்ணிக்கை வந்தபோது வாங்கியதில் பாதிகூடப் பயன்படவில்லை என்று தெரிந்து, லைசென்ஸைக் குறைத்தே புதுப்பித்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பேச்சை முடிக்கத் தெரியாது. ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் புரிந்ததா என்பது போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதையே இன்னொரு விதமாகச் சொல்வார். மணி பத்தரை ஆகியிருக்கும், பின்வரிசையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா நிற்பார். ஆசிரியர்கள் விஷயம் என்றால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும் என்பதும் உண்மை. முப்பது வருஷப் பழக்கம், எப்படிப் போகும்.

சரி, பஸ் கதை. இந்த மாநிலச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கும் வீட்டுக்கும் இரண்டு மைலுக்கு மேல் இருந்தால், ஒன்பதாவதிலிருந்து இரண்டரை மைலுக்கு மேல் இருந்தால், பஸ் விட்டே ஆகவேண்டும். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுவது மரியாதை பஸ், அதாவது ஊர் விரும்பினால் விடும், காசு இல்லையென்றால் நிறுத்தும். எங்கள் வீடு மிடில் ஸ்கூலிலிருந்து 1.7 மைல். புரிகிறதா? 2018-ல் கொண்டுவந்த சட்டத்தால் எங்கள் ஊர் மாதிரி பல ஊர்களுக்கு மாநிலத்தின் உதவித்தொகை ஏழு வருஷம் படிப்படியாகக் குறைந்தது. கொரோனாவுக்காக மத்திய அரசு கொடுத்த நிதிக்கும் 2024 செப்டம்பரோடு கெடு முடிந்தது. வரியை ஏற்றிச் சமாளிக்கலாம் என்றால் வருஷத்துக்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு, சில விலக்குகள் தவிர. பஸ் கம்பெனியோ, ஆசிரியர்களின் ஹெல்த் இன்ஷூரன்ஸோ 2 சதவீதத்தில் நிற்குமா? முதலில் கத்தி விழுந்தது மரியாதை பஸ் மேல்.

ஏப்ரல் கடைசியில் பட்ஜெட் கூட்டத்துக்குப் போனேன். மைக்கில் மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். நான் எழுதிக்கொண்டு போனது ஆறு நிமிஷத்துக்கு, நடுவில் மணி அடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அப்புறம் ஓட்டெடுப்பு. நான் நம்பியிருந்த டீச்சரம்மா, பஸ்ஸை நிறுத்தும் பட்ஜெட்டுக்கு "சரி" என்றார். அன்றைக்கு விமர்சனம் எழுதியிருந்தால் அரை ஸ்டார்கூடக் கொடுத்திருக்க மாட்டேன்.

கூட்டம் முடிந்ததும் பார்க்கிங்கில் மடக்கினேன். கோபித்துக்கொள்ளவில்லை. கார் பானெட் மேல் பட்ஜெட் சுருக்கத்தை விரித்தார் (எல்லாருக்கும் புரிகிற வடிவில் ஒரு சுருக்கம் போட்டே ஆகவேண்டும், ஒவ்வொரு ஊரின் பள்ளி இணையதளத்திலும் கிடைக்கும், நான் அதுவரை திறந்ததில்லை). பேனாவை என் கையில் கொடுத்து, "பஸ் வேண்டும் என்றால் சரி, இதில் எதை அடிக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். வயலின் ஆசிரியர், பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் இரண்டு கவுன்சிலர்கள், நாலாம் வகுப்பில் ஒரு செக்ஷன். பார்க்கிங் விளக்கில் ஐந்து நிமிஷம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நல்ல பேச்சுக்காரர் என்று போயிருப்பேன். ஜூன் மாதம் ஒரு காலை ஏழு மணிக்கு, மழைக்கோட்டும் பள்ளிப்பிள்ளை மாதிரி முதுகில் ஒரு பையுமாக, எங்கள் பகுதியிலிருந்து பள்ளிக்கூடம் வரை நடந்து போனார். என் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க டீச்சர் மழையில நடந்து போறாங்க" என்று கூப்பிட்டாள். அடுத்த கூட்டத்தில் படங்களைக் காட்டினார். நாலு லேன் சாலை ஓரத்தில் நடைபாதையே இல்லை, சேறும் புல்லும்தான், அவருடைய ஷூ தடம் பதிந்திருந்தது. மரியாதை பஸ் விடுகிற ஊர்கள், நடக்க ஆபத்தான வழி எது என்று தீர்மானிக்க ஒரு விதிமுறை வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரிலும் இருந்தது, யாரும் தூசி தட்டவில்லை. அதை எடுத்துவைத்து, அந்தச் சாலையைத் தாண்ட வேண்டிய பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பதற்குள் பஸ்ஸைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் தெருவுக்கு வரவில்லை. எங்கள் வழியில் ஒழுங்கான நடைபாதை இருக்கிறது, சிக்னல் இருக்கிறது. இப்போதும் தினம் காலை பையனை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன், இறக்கிவிடும் வரிசையில் இருபது நிமிஷம், நடுவில் ஒரு ஆபீஸ் கால்.

குறைத்த ஒரு ஸ்டார் பஸ்ஸுக்காக இல்லை. பார்க்கிங்கில் எனக்கு ஒருவனுக்குச் சொன்னதை ஜனவரியிலேயே ஊருக்குச் சொல்லியிருக்கலாம். கவர்னர் பட்ஜெட் படித்த பிறகுதான் ஊருக்கு எவ்வளவு வரும் என்று தெரியும் என்பது சரி, ஆனால் குறையப்போகிறது என்பது மூன்று வருஷமாகத் தெரிந்த விஷயம். கடைசியில் எங்களுக்கு வந்தது வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு கடிதம், மே மாதம், வேலை மாற்றிக்கொள்ளவோ பக்கத்து வீட்டோடு பேசி வைக்கவோ நேரமில்லாமல்.

எதிரே நிற்கிற அணி பஸ்ஸையும் திரும்பக் கொண்டுவருவார்களாம், வரியையும் ஏற்றமாட்டார்களாம். பேனாவும் அந்தச் சுருக்கமும் நான் கொண்டுவருகிறேன், பானெட்டை அவர்கள் கொடுக்கட்டும்.

ஓட்டு இருப்பவர்கள் சீட்டின் கீழ்ப்பகுதி வரை போங்கள், மேலே நாலு பெரிய பெயருக்குப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். போன முறை எங்கள் ஊரில் மூன்றாவது இடத்துக்கும் நாலாவது இடத்துக்கும் இருந்த வித்தியாசத்தை எங்கள் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்தாலே மாற்றியிருக்கலாம். எச்1பி, கிரீன் கார்டு என்று ஓட்டு இல்லாதவர்களும் அந்த மூன்று நிமிஷ மைக்கில் பேசலாம், யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

ஜூலையில் டீச்சரம்மா மனுவோடு வீட்டுக்கு வந்தார். போட்டியிட வாக்காளர்கள் சிலரின் கையெழுத்து வேண்டும், மாதக் கடைசித் திங்கள் மாலை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். மனைவிக்குக் கிரீன் கார்டுதான், கையெழுத்துப் போட முடியாது, அந்தக் கோபத்தில் காபியோடு சேர்த்து நாலு கேள்வியும் கொடுத்தாள், எல்லாம் பஸ்ஸைப் பற்றி. டீச்சரம்மா நோட்டில் குறித்துக்கொண்டார். நான் பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வீட்டு நம்பர் மேல் விரலை வைத்தார். "இது ஒன்றா, ஏழா?"

ஏழு என்றேன். ஏழு மாதிரி எழுதச் சொன்னார்.