295-ஏ, 295-சி: வேர் ஒன்று, விளைவு வேறு

கோட்டை மாரியம்மன் கோயிலும் ஜாமியா மசூதியும் ஒரே நகர நடுவில் நிற்கும் சேலத்தில் மத நிந்தனை பற்றிப் பேச்சு வந்தால், "பாகிஸ்தான் சட்டமும் நம்ம சட்டமும் ஒண்ணுதானே?" என்ற கேள்வி எழும். வேர் ஒன்றுதான்: ஆங்கிலேயரின் 1860 தண்டனைச் சட்டம், அதில் 1927-ல் சேர்ந்த, மத உணர்வைப் புண்படுத்துவதைத் தண்டிக்கும் பிரிவு 295-ஏ.

இங்கே அது இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) பிரிவு 299. வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு புண்படுத்தியதாக நிரூபிக்க வேண்டும். அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அரசின் முன் அனுமதியின்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. ஆனால் கைதுக்கு அந்த அனுமதி தேவையில்லை. பெரிய ஓட்டை இதுதான்.

பாகிஸ்தான் 1986-ல் சேர்த்த 295-சி-யில் உள்நோக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நபியை மறைமுகமாக இழித்துப் பேசினாலும் மரண தண்டனை வரலாம். குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதை நீதிமன்றத்தில் திருப்பிச் சொல்வதே நிந்தனையாகுமோ என்று சாட்சிகள் அஞ்சுகிறார்கள். அதனால் ஆதாரத்தைச் சோதிப்பதே கடினமாகிறது. நபியை நிந்தித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்கு 2010-ல் மரண தண்டனை. உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018-ல். அவருக்காகப் பேசிய பாகிஸ்தான் பஞ்சாப் மாகாண ஆளுநர் சல்மான் தசீரை 2011-ல் சொந்த மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். 2017-ல் மர்தானில் மாணவர் மஷால் கானைக் கும்பல் அடித்தும் சுட்டும் கொன்றது. அவர் நிந்தித்ததற்கு ஆதாரம் இல்லை என்று பிறகு விசாரணை சொன்னது.

நம் பிரிவே மேல். ஆனால் கைதுக்கு முன்பும் அரசின் அனுமதியைக் கட்டாயமாக்க வேண்டும்.